பொறிக்கு ஒரு கடிவாளம்



அரசர்களின் வரலாற்றை நீங்கள் வகுப்பில் படிக்கிறீர்கள். போர்கள் நடந்த ஆண்டுகளை மனப்பாடம் செய்கிறீர்கள். இன்று நான் உங்களுக்குச் சொல்லப் போவது உள்ளங்கையில் அடங்கும் ஒரு வெள்ளைப் பீங்கான் கட்டியின் வரலாறு. அதனுள்ளே சுற்றப்பட்டிருப்பது சிறிதளவு கம்பி, வேறொன்றும் இல்லை. பழைய மோட்டார் வண்டிகள் பலவற்றில் பாட்டரிக்கும், பொறியை உண்டாக்கும் காயிலுக்கும் நடுவே அது அமர்ந்திருக்கும். பட்டறைகளில் அதனை ‘ரெசிஸ்டர்’ என்பார்கள். பாடநூல் வழக்கில் நாம் அதனை மின்தடை என்போம். அதன் அருமையை அறியாமல் நான் ஒரு முறை பட்ட பாடுதான் இந்தப் பேச்சுக்கு வித்தாயிற்று. ஆகவே அதனையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரு கல்லூரியில் பௌதிகம் கற்பித்து வந்தவன். என் தமையனார் விட்டுச் சென்ற பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று என்னிடம் இருந்தது. ஒரே சிலிண்டர், 12 வோல்ட் பாட்டரி, பாயிண்டுகள் திறந்து மூடிப் பொறி உண்டாக்கும் பழைய முறை. மார்கழிக் காலைகளில் அது எளிதில் உயிர் பெறாது. உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்த பிறகே உறுமத் தொடங்கும். காயில் பழையதாகிவிட்டது, வலிமையான புதுக் காயிலை மாட்டினால் குறை தீரும் என்று நானே முடிவு செய்தேன். உதிரிப் பொருள் கடையில் இருப்பவற்றுள் மிகுந்த வலிமை உடையது எதுவோ அதைத் தரும்படி கேட்டு வாங்கி வந்தேன். மாட்டிய அன்று முதல் உதையிலேயே என்ஜின் எழுந்தது. பத்து நாள் பெருமையோடு ஓட்டினேன்.

பதினோராம் நாள் இரவு என் மாணவன் ஒருவனைப் பின்னால் அமர்த்திக்கொண்டு இரயில் நிலையத்துக்குப் புறப்பட்டேன். மறுநாள் காலை சென்னையில் அவனுக்கு ஒரு நேர்முகத் தேர்வு. நிலையம் 18 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. பாதி வழியில் என்ஜின் இருமுறை இருமிற்று, பிறகு நின்றுவிட்டது. காயிலைத் தொட்டேன், விரல் சுட்டது. கைவிளக்கின் ஒளியில் பாயிண்டுகளைப் பார்த்தேன். அவை கரிந்து குழி விழுந்து கிடந்தன. அவ்வழியே வந்த லாரி ஒன்று அவனை ஏற்றிச் சென்றது. அவன் போய்ச் சேர்வதற்குள் இரயில் புறப்பட்டுவிட்டது. இரவெல்லாம் பேருந்து மாறிப் பேருந்து ஏறி, நண்பகலில் அவன் சென்னை அடைந்தபோது தேர்வு முடிந்திருந்தது. அந்த வேலை அவனுக்குக் கிடைக்கவில்லை.

மறுநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பட்டறையில் நிறுத்தினேன். பட்டறைப் பெரியவர் காயிலைக் கழற்றி, மீட்டரின் இரு முனைகளையும் அதன்மேல் வைத்தார். “ஐயா, இது ஒன்றரை ஓம் காயில். உங்கள் பழைய காயில் ஐந்து ஓம் இருக்கும். நடுவிலே ரெசிஸ்டர் போட்டீர்களா?” என்று கேட்டார்.

நான் வாய் திறக்கவில்லை. ஓம் என்பவரின் விதியை 22 ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியவன் நான். 12-ஐ 1.5-ஆல் வகுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. வகுத்திருந்தால் 8 ஆம்பியர் என்று விடை வந்திருக்கும். பழைய காயிலில் ஓடியதோ 2.4 ஆம்பியர்தான். மும்மடங்குக்கு மேற்பட்ட மின்னோட்டத்தை அந்தச் சிறு பாயிண்டுகளின் தலையில் ஏற்றிவிட்டு, வலிமை கூடிவிட்டது என்று நான் மகிழ்ந்திருந்தேன்.

இந்த வெட்கமே என்னை வரலாற்றின் பக்கம் திருப்பியது. வகுத்தலும் பெருக்கலுமாக நாம் எழுதிப் பழகிய அந்த விதிகளைக் கண்டவர்கள் யார்? அவர்கள் என்ன விலை கொடுத்தார்கள்? இவ்வினாக்களோடு நூலகத்துக்குச் சென்றேன்.

ஜெர்மனியில் எர்லாங்கன் என்னும் ஊரில் 1789ஆம் ஆண்டு கியோர்க் சைமன் ஓம் பிறந்தார். அவருடைய தந்தையார் பூட்டுத் தொழிலாளி; தாமே முயன்று கணிதம் கற்றவர்; மகனுக்கும் அவரே கற்பித்தார். மகன் கொலோன் நகரத்துப் பள்ளியொன்றில் ஆசிரியரானார். பள்ளிப் பணி போக மீந்த நேரத்தில், பல நீளமுள்ள கம்பிகளின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி அளந்தார். அக்காலத்து மின்கலங்களின் வலிமை நிலையாக நிற்பதில்லை. ஆகவே ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து மின்சாரம் பெறும் வெப்ப இணையைக் கையாண்டார். தாம் கண்ட முடிவுகளைத் தொகுத்து 1827ஆம் ஆண்டு ஒரு நூலாக வெளியிட்டார். மின்னழுத்தம் எத்தனை மடங்கு கூடுகிறதோ அத்தனை மடங்கு மின்னோட்டம் கூடும். தடை எத்தனை மடங்கு கூடுகிறதோ அத்தனை மடங்கு அது குறையும். இவ்வளவுதான் அவர் சொன்னது.

இவ்வளவு எளிய உண்மையை அந்நாட்டு அறிஞர் பலர் வரவேற்கவில்லை. தம் ஆராய்ச்சியால் பல்கலைக்கழகப் பதவி ஒன்று கிடைக்கும் என்று நம்பியிருந்த ஓம் மனம் நொந்து கொலோன் பதவியைத் துறந்தார். 1833ஆம் ஆண்டு நியூரம்பர்க் நகரின் தொழிற்கல்லூரியில் இடம் கிடைக்கும் வரை நல்ல பதவியின்றிக் காலம் கழித்தார். 1841ஆம் ஆண்டு இலண்டன் ராயல் கழகம் அவருக்குக் காப்லி பதக்கம் அளித்த பின்னரே அவருடைய நாடு அவரைத் திரும்பிப் பார்த்தது. மியூனிக் பல்கலைக்கழகத்தில் அவர் பேராசிரியரானது 1852இல், மறைந்தது 1854இல். பின்னர் 1881ஆம் ஆண்டு பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு, தடையின் அலகுக்கு அவர் பெயரையே சூட்டிற்று. பட்டறைப் பெரியவர் ‘ஒன்றரை ஓம்’ என்று சொன்னபோது, நான் மறந்துவிட்ட அந்த ஆசிரியரின் பெயரையே அவர் எனக்கு நினைவூட்டினார்.

இனிக் காயிலின் கதைக்கு வருவோம். 1831ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மைக்கேல் பாரடே ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் தனித்தனியே கம்பி சுற்றினார். ஒரு பக்கத்துச் சுற்றில் மின்னோட்டத்தைத் தொடங்கும் நொடியிலும் நிறுத்தும் நொடியிலும், தொடர்பே இல்லாத மறுபக்கத்துச் சுற்றில் மின்சாரம் துள்ளுவதைக் கண்டார். இடையில் சீராக ஓடும்போது ஒன்றும் நிகழவில்லை. மாற்றமே மின்சாரத்தைத் தூண்டுகிறது என்பது அன்று விளங்கிற்று.

அயர்லாந்தில் மேனூத் என்னும் ஊரின் கல்லூரியில் நிக்கொலஸ் கேலன் என்னும் பாதிரியார் பௌதிகம் கற்பித்து வந்தார். 1836ஆம் ஆண்டு அவர், தடித்த கம்பியால் சில சுற்றும் மெல்லிய கம்பியால் மிகப் பல சுற்றும் ஓர் இரும்புத் தண்டின்மேல் சுற்றினார். தடித்த சுற்றின் மின்னோட்டத்தைச் சட்டென அறுத்தால், மெல்லிய சுற்றில் மிக உயர்ந்த மின்னழுத்தம் எழுந்தது. நம் மோட்டார் சைக்கிளின் காயிலுக்கு அதுவே பாட்டி எனலாம். அதே ஆண்டில் அமெரிக்காவில் சார்லஸ் பேஜ் என்பவரும் ஏறக்குறைய அதே வழியில் சென்றுகொண்டிருந்தார்.

ஆனால் உலகம் அக்கருவியை வேறொருவர் பெயரால் அறிந்தது. பாரிஸில் கருவிகள் செய்யும் பட்டறை வைத்திருந்த ஹைன்ரிக் ரூம்கார்ப் என்பவர் 1851ஆம் ஆண்டு முதல் அவற்றைச் செப்பமாகச் செய்து விற்றார். 1853இல் பிஸோ என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி, அறுபடும் இடத்தில் ஒரு மின்தேக்கியைச் சேர்த்தால் பொறி வலுக்கும் என்று காட்டினார். பாயிண்டுகளின் அருகே இன்றும் காணப்படும் ‘கண்டன்சர்’ அதன் வழித்தோன்றலே. 1864ஆம் ஆண்டு மூன்றாம் நெப்போலியன் ஏற்படுத்திய 50,000 பிராங்குப் பரிசு ரூம்கார்ப்புக்குக் கிடைத்தது. அதே ஆண்டின் ஜனவரியில் கேலன் கண் மூடிவிட்டார். ரூம்கார்ப்பின் உழைப்பு பெரிதுதான். அவரும் செல்வராக வாழ்ந்து மறையவில்லை. எனினும் ஒருவர் பெயர் ஓங்க மற்றொருவர் பெயர் மங்கியது. வரலாற்றைப் படிப்பதன் பயன்களுள் ஒன்று இத்தகைய கணக்குகளைச் சரி பார்ப்பது என்று நான் எண்ணுகிறேன்.

இக்காயில் முதலில் ஆய்வுக்கூடத்து விளையாட்டாக இருந்தது. 1860ஆம் ஆண்டு எத்தியேன் லெனுவார் தம் வாயு என்ஜினுக்குள் அதன் பொறியைச் செலுத்தித் தீ மூட்டினார். 1885ஆம் ஆண்டு டைம்லரும் மேபாக்கும் செய்த இருசக்கர வண்டியைத்தான் பெட்ரோலால் ஓடிய முதல் மோட்டார் சைக்கிள் என்பர். அதில் மின்பொறி இல்லை. பழுக்கக் காய்ந்த குழாய் ஒன்றே எரிபொருளைப் பற்ற வைத்தது. கார்ல் பென்ஸ் 1886இல் உரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியிலோ, பாட்டரியும் அதிர்வுக் காயிலும் இருந்தன. 1895ஆம் ஆண்டளவில் டி தியோன்–பூத்தோன் நிறுவனத்தின் சிறு என்ஜின், பாட்டரி, காயில், பாயிண்டு ஆகிய மூன்றையும் கொண்டு மிக விரைவாகச் சுழன்றது. ஆனால் அக்காலத்துப் பாட்டரிகள் விரைவில் தீர்ந்துபோயின. ஆகவே ராபர்ட் பாஷ் நிறுவனத்தில் ஹோனோல்டு என்பவர் 1902ஆம் ஆண்டளவில் உருவாக்கிய உயரழுத்த மாக்னெட்டோ, பாட்டரியே இல்லாமல் பொறி தந்து பல்லாண்டுகள் ஆட்சி செய்தது.

பாட்டரி முறைக்கு மறுவாழ்வு தந்தவர் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தவராகிய சார்லஸ் கெட்டரிங். உழவர் குடியில் பிறந்தவர்; கண்பார்வைக் குறையால் படிப்பு இடையிடையே தடைப்பட்டவர். டேடன் நகரில் ஒரு களஞ்சியக் கொட்டகையில் நண்பர்களோடு உழைத்து, அவர் அமைத்த முறை 1910ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் இடம் பெற்றது. பாயிண்டு மூடினால் காயிலில் மின்னோட்டம் ஏறும். பாயிண்டு திறந்தால் பொறி பாயும். இம்முறையே மேலும் அறுபது எழுபது ஆண்டுகள் உலகமெங்கும் ஓடிற்று. பிரிட்டனின் மோட்டார் சைக்கிள்கள் நெடுங்காலம் மாக்னெட்டோவையே நம்பியிருந்தன. டிரையம்ப் ஸ்பீடு ட்வின் 1953இல் காயில் முறைக்கு மாறியது. 1969இல் வெளிவந்த ஹோண்டா சி.பி. 750 வண்டியில் நான்கு சிலிண்டர்களுக்கு இரண்டு காயில்களும் இரண்டு இணைப் பாயிண்டுகளும் இருந்தன.

நம் பீங்கான் கட்டி பரவலாக மேடையேறியது 1950களில். அமெரிக்கக் கார்கள் அப்போது 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறின. அழுத்தம் இரட்டித்தால் மின்னோட்டமும் இரட்டிக்கும், பாயிண்டுகள் தாங்கா. ஆகவே குறைந்த தடையுள்ள காயிலை வைத்து, அதன் முன்னே ஒரு தடைக்கம்பியை இணைத்தார்கள். அதனால் நேர்ந்த நன்மை ஒன்றல்ல.

முதல் நன்மை, பாயிண்டுகளைக் காப்பது. 1.5 ஓம் காயிலோடு 1.5 ஓம் தடையைத் தொடராகச் சேர்த்தால் மொத்தம் 3 ஓம். 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் ஓடும். பாயிண்டுகள் நெடுநாள் தாங்கக்கூடிய எல்லை ஏறக்குறைய அதுதான்.

இரண்டாவது நன்மை, காயிலின் சூட்டைத் தணிப்பது. மின்னோட்டத்தின் இருமடியைத் தடையால் பெருக்கினால் வெப்பம் கிடைக்கும் என்று ஜேம்ஸ் ஜூல் 1841இல் வெளியிட்டார். பாயிண்டு மூடியிருக்கும்போது என் காயிலில் 8 ஆம்பியர் ஓடியது; எட்டை எட்டால் பெருக்கி மீண்டும் 1.5-ஆல் பெருக்கினால் 96 வாட். தடையைச் சேர்த்திருந்தால் காயிலில் 24 வாட், பீங்கான் கட்டியில் 24 வாட். மின்னோட்டம் பாதியானால் வெப்பம் காற்பங்காகிறது! இதனை நான் தேர்வுத் தாளில் எத்தனை முறை வினாவாகக் கேட்டிருக்கிறேன்! வண்டி அதே வினாவை என்னிடம் கேட்டபோது நான் தோற்றேன்.

மூன்றாவது நன்மை நுட்பமானது. காயிலில் மின்னோட்டம் நொடியில் முழு அளவை எட்டிவிடாது. சுருளின் தன்தூண்டல் அதனைப் பின்னுக்கு இழுக்கும். இப்பண்பை ஆராய்ந்து 1832இல் எழுதிய ஜோசப் ஹென்றியின் பெயரையே அதன் அலகும் தாங்குகிறது. தன்தூண்டலைத் தடையால் வகுத்தால் ஒரு காலஅளவு கிடைக்கும். அதற்குள் மின்னோட்டம் உச்சத்தில் 63 விழுக்காட்டை எட்டும். எடுத்துக்காட்டாக, 9 மில்லிஹென்றியும் 3 ஓமும் உள்ள காயிலுக்கு அக்காலம் 3 மில்லிசெகண்டு. 4.5 மில்லிஹென்றியும் 1.5 ஓமும் உள்ள காயிலோடு 1.5 ஓம் தடையைச் சேர்த்தால் 1.5 மில்லிசெகண்டு. இரண்டிலும் முடிவான மின்னோட்டம் ஒன்றே. ஆனால் இரண்டாவது பாதி நேரத்தில் ஏறுகிறது. நிமிடத்துக்கு 8,000 முறை சுழலும் என்ஜினில் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 7.5 மில்லிசெகண்டு, பாயிண்டு மூடியிருப்பது அதில் ஏறக்குறைய பாதி. அங்கே ஒன்றரை மில்லிசெகண்டு என்பது பெருஞ்செல்வம் அன்றோ!

நான்காவது நன்மை, என்ஜினை எழுப்பும்போது கிடைப்பது. மின்விசையால் என்ஜினைச் சுழற்றும் வண்டிகளில், அவ்வேளையில் பாட்டரியின் அழுத்தம் 9 வோல்ட் அளவுக்குத் தாழ்ந்துவிடும். அப்போது மட்டும் தடையை விலக்கி நேரே காயிலுக்கு மின்சாரம் தருவார்கள். 9-ஐ 1.5-ஆல் வகுக்க 6 ஆம்பியர். தளர்ந்த பாட்டரியிலும் நல்ல பொறி கிடைக்கும். என்ஜின் எழுந்தவுடன் தடை மீண்டும் காவலுக்கு வந்துவிடும். இரும்புக் கம்பியால் சுற்றிய தடைகளில் இன்னோர் அழகும் உண்டு. என்ஜின் மெல்ல ஓடும்போது பாயிண்டு நெடுநேரம் மூடியிருப்பதால் கம்பி சூடேறும். சூடேற ஏறத் தடை மிகும். விரைந்து ஓடும்போது கம்பி ஆறும், தடை குறையும். தேவையறிந்து தானே இறுகித் தானே தளரும் கடிவாளம் அது.

பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் வலிமையான காயில் மாட்ட விரும்பினால், என்னைப் போல் தடுமாற வேண்டியதில்லை. கணக்கு மிக எளிது. முதலில் புதுக் காயிலின் தடித்த சுற்றை, மற்றக் கம்பிகளைக் கழற்றிவிட்டு மீட்டரால் அளக்க வேண்டும். மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று சேர்த்தால் காட்டும் சிறு அளவை அதிலிருந்து கழிக்க வேண்டும்; ஒன்றிரண்டு ஓமை அளக்கும்போது இச்சிறு பிழையும் பெரிதே. பாயிண்டு உள்ள 12 வோல்ட் வண்டியானால் மொத்தத் தடை 3 ஓமுக்குக் குறையலாகாது. காயில் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவைத் தடையால் நிரப்ப வேண்டும். மின்னணுப் பெட்டி பூட்டிய வண்டியானால் அதனைச் செய்தவர் எத்தனை ஓம் விதித்துள்ளார் என்பதே அளவுகோல். 5 ஓம், 3 ஓம், 2.2 ஓம் என்று பலவகைக் காயில்கள் விற்பதன் காரணம் இதுவே.

ஓமை மட்டும் பார்த்து வாட்டை மறக்கலாகாது. 24 வாட் வெப்பம் எழக்கூடிய இடத்தில் 50 வாட் தாங்கும் தடையை வைப்பது அறிவுடைமை. வானொலிப் பெட்டியில் இருப்பது போன்ற சிறு தடை அங்கே சில நொடிகளில் கருகிவிடும். தடையைக் காற்றுப் படும் இடத்தில், உலோகத்தின்மேல், பெட்ரோல் குழாய்க்கும் கம்பிக் கற்றைக்கும் எட்டப் பொருத்த வேண்டும். இரண்டு காயில் உள்ள வண்டியில் ஒவ்வொன்றுக்கும் தனித் தடை வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக ஒன்றை வைத்தால், ஒரு காயில் மின்னோட்டத்தை இழுக்கும்போது மற்றதற்குச் சேரும் அழுத்தம் தாழும். மாறாக, வண்டியில் முன்பே தடை இருந்து, முழுத் தடையுள்ள புதுக் காயிலை மாட்டுகிறவர் பழைய தடையை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் பாயிண்டு கெடாது, பொறி மெலியும். கடிவாளமே இல்லாத குதிரையும் ஆகாது. இரண்டு கடிவாளம் பூட்டிய குதிரையும் ஆகாது.

இவ்விடத்தில் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். பொறிக் குமிழின் தொப்பியிலும் ஒரு தடை இருக்கும். அதன் அளவு பெரும்பாலும் 5,000 ஓம். ‘ஒன்றரை ஓம் எங்கே, ஐயாயிரம் ஓம் எங்கே! இது பொறியை அணைத்துவிடாதா?’ என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். நல்ல வினா. காயிலின் மறுபக்கத்தில் அழுத்தம் பல்லாயிரம் வோல்ட். மின்னோட்டமோ ஆம்பியரில் சில நூற்றில் ஒரு பங்குதான். 0.05 ஆம்பியரை 5,000 ஓமால் பெருக்கினால் 250 வோல்ட். பல்லாயிரத்தில் 250 போவது பெரிய இழப்பன்று.

அத்தடை எதற்கு? வானொலியில் பேசுகிறவன் அதைச் சொல்லாமல் விடலாகாது. 1880களின் பிற்பகுதியில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் கார்ல்ஸ்ரூ நகரில் இத்தகைய தூண்டு சுருளின் பொறியைக் கொண்டுதான் மின்காந்த அலைகளை உண்டாக்கிக் காட்டினார். 1890களில் நம் நாட்டில் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஜகதீச சந்திர போஸ் மிகச் சிறிய அலைகளைப் பொறியினின்று எழுப்பி ஆராய்ந்தார். ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையமே! தெருவில் மோட்டார் சைக்கிள் போகும்போது வானொலிப் பெட்டி கரகரவென்று இரைந்தால், அது அந்நிலையத்தின் ஒலிபரப்பு. தொப்பியிலுள்ள தடை அந்த இரைச்சலை அடக்குகிறது. ஆக, முதற்பக்கத்துத் தடை பாயிண்டுகளைக் காக்கிறது. மறுபக்கத்துத் தடை அண்டை வீட்டாரின் செவிகளைக் காக்கிறது.

இப்போது வெளிவரும் மோட்டார் சைக்கிள்களில் பாயிண்டுகள் இல்லை. காயிலுக்கு மின்னோட்டம் எவ்வளவு நேரம் செல்லலாம் என்பதை மின்னணுச் சுற்றே அளந்து விடுகிறது. பீங்கான் கட்டியின் வேலையை அது வேறு வழியில் செய்கிறது. ஆயினும் அளந்து விட வேண்டும் என்னும் தேவை நீங்கவில்லை; அளக்கும் கைதான் மாறியிருக்கிறது.

கரிந்த அந்தக் காயிலை நான் எறிந்துவிடவில்லை. வகுப்பறை மேசைமேல் வைத்திருந்தேன். ஓம் விதியைத் தொடங்கும் ஒவ்வோர் ஆண்டும் அதனை மாணவர் கையில் கொடுத்து, அந்த இரவின் கதையைச் சொல்லி வந்தேன். இரயிலைத் தவறவிட்ட மாணவன் பின்னர் வேறோர் ஊரில் வேலை தேடிக்கொண்டான். விடுமுறையில் ஊருக்கு வந்தால் என்னைப் பார்க்காமல் போவதில்லை. அந்த இரவைப் பற்றி இதுவரை ஒரு சொல்லும் குறையாகச் சொன்னதில்லை. அவன் ஒருமுறையேனும் சொல்லியிருந்தால் என் மனம் சற்று ஆறியிருக்கும்.

பூட்டுத் தொழிலாளியின் மகன் ஒருவர் பதவியை இழந்து நமக்குத் தந்த ஒரு சிறு வகுத்தற் கணக்கு அது. நான் அதனைப் பிறருக்குக் கற்பிப்பதற்கு மட்டும் வைத்திருந்தேன். அதன் விலையை என் மாணவன் கொடுத்தான். நீங்கள் கற்பவற்றைத் தேர்வுத் தாளோடு நிறுத்திவிடாதீர்கள். கையில் ஒரு பொருளை எடுத்து மாட்டுவதற்கு முன் ஒரு துண்டுத் தாளில் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அதற்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை நான் அன்று செலவிடவில்லை.